துவக்கின் குறியும் என் கண்ணாடியும்

முதலில் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடைக்குச் சாமான் எழுதிக் கொடுப்பதைத் தவிர நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆட்களோடு கதைப்பதும் எனக்குக் குறைவுதான். ஆனால் இதை யாருக்காவது சொல்லாமல் இருக்க ஏலாது என்று பட்டதால் எழுதுகிறேன்.

இது போன வருஷம் சோளகக் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, வீசுகிற காலத்தில், திருகோணமலையில் நடந்தது. காசு கொண்டுபோகிற வான் ஒன்றில் நான் துவக்குக் காவலாளி. இடுப்பில் றிவோல்வரோடு சாரதிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வேலை. புல்மோட்டை, கிண்ணியா, மூதூர் என்று பகல் முழுக்க ஓட்டம். பின்னேரம் லிங்கநகர் வீட்டுக்கு வந்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் துவக்கை உறையில் இருந்து எடுக்க வேண்டி வரவில்லை.

ஒரே ஒருநாள், அதற்கு முந்திய மாரிகாலத்தில், கை உறைக்குப் போனது. புல்மோட்டையில் நல்ல மழை. வங்கி வாசலில் காசுப்பெட்டி இறங்கிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் கையில் நீளமாக, கறுப்பாக எதையோ பிடித்தபடி எங்களைப் பார்த்து ஓடி வந்தார். நான் உறையின் வாரைக் கழற்றிவிட்டேன். எங்கள் சாரதி, முஸ்லிம் மனிதர், நானா என்று அண்ணன் முறையில்தான் அவரைக் கூப்பிடுவோம், "குடை! குடை!" என்று கத்தினார். தேத்தண்ணிக் கடையில் நான் மறந்து வைத்துவிட்டு வந்த என் குடையைத்தான் கடைக்காரர் கொண்டு ஓடி வந்திருக்கிறார். அதற்குப் பிறகு நானா எந்தக் கடைக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "குடைக்குச் சுடப் பார்த்த ஆள் இவர்தான்" என்று என்னைக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் எங்கள் கம்பனி புதுச் சட்டம் ஒன்று கொண்டு வந்தது. துவக்கு வைத்திருக்கும் எல்லாரும் சுட்டுக் காட்டவேண்டும். சுட்டதில் பாதிக்கு மேல் வட்டத்துக்குள் விழவேண்டும். விழாதவர்களைக் கொழும்பில் உள்ள கிடங்குகளுக்கு வாசல் காவலுக்கு அனுப்புவார்கள். என் மனைவிக்கு வாதத்தில் ஒரு பக்கம் இழுத்தபிறகு, காலையில் அவவை எழுப்பிக் கதிரையில் இருத்துவதும் இரவு திரும்பப் படுக்க வைப்பதும் நான்தான். பகலில் மகள் வந்து பார்ப்பாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. கொழும்புக்குப் போ என்றால் நான் வேலையை விடத்தான் வேண்டும். இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்?

சோதனைக்கு ஒரு வாரம் முந்தி எங்களைக் கப்பல்துறை என்கிற ஊருக்கு அந்தப் பக்கம், பத்தைக்காட்டுக்கு நடுவில் உயரமாக மண்மேடு போட்ட ஓர் இடத்துக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். பயிற்சி தந்தவர் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்கள ஐயா. மார்க்கெட்டில் பழகிய தமிழில் கதைப்பார். சத்தம் பெரிது. அவர் மேசையில் மூன்று துவக்குகளை வைத்து, குறி பார்த்து, சோதனைக்குப் பிடித்ததை எடுக்கலாம் என்றார்.

குறி என்பது வேறொன்றுமில்லை. குழாயின் முனையில் சின்னத் தகடு ஒன்று நிற்கும். கண்ணுக்குக் கிட்ட, பின்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டுக்குள் முன்தகடு நேராக வந்து நிற்க, அதற்கு அப்பால் சுடுகிற இடம் தெரியவேண்டும். மேசையில் இருந்த முதலாவது பழைய றிவோல்வர். எல்லாம் ஒரே கறுப்பு, வெட்டும் இரும்பிலேயே கீறிய பள்ளம்தான். இரண்டாவதும் றிவோல்வர். அதன் முன்தகட்டில் சிவப்புத் துண்டு பதித்திருந்தது, பின்வெட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு. மூன்றாவது புதுப் பிஸ்டல். முன்னால் ஒரு வெள்ளைப் பொட்டு, பின்னால் இரண்டு. மூன்று பொட்டும் ஒரே வரிசையில் வந்தால் சரி.

பழையதை ஒருவரும் தொடவில்லை. நானும்தான். அதை நீட்டிப் பிடித்தபோது முனையில் தகடு இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். தூரத்தில் வருகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையை நான் வாசிப்பேன். கிட்ட இருப்பதுதான் சில வருஷமாக மங்கிக்கொண்டு வந்தது. ஆனால் கண்ணாடி போட்டால் துவக்கைப் பறித்துவிடுவார்கள் என்பது எங்கள் ஆட்களுக்குள் நிச்சயமான கதை. முன்பு ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அதே மாதம் இங்கேயே ஒரு வாசலில் துவக்கில்லாத காவலுக்குப் போனார். அதோடு எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்களில் ஐம்பதைத் தொட்டவர்கள் பல பேர், ஆனால் மூக்கில் கண்ணாடி உள்ளவர் ஒருவருமில்லை.

பெரிதாகத் தெரிவதுதான் நல்லது என்று நினைத்து மூன்று பொட்டுப் பிஸ்டலை எடுத்தேன். நிழலில் நன்றாகத்தான் தெரிந்தது. வெயிலில் போய் நின்று கையை நீட்டினால், பொட்டுகள் மூன்றும் பஞ்சு மாதிரி ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நடுப்பொட்டு, சுடவேண்டிய வட்டத்தையே மூடிக்கொண்டது. ஒரு குத்துமதிப்பில் சுட்டேன். வட்டம் கீறிய கடதாசியின் ஓரத்தில் ஓர் ஓட்டை. மற்றதெல்லாம் மண்மேட்டுக்குள். பிறகு சிவப்புத் துண்டு வைத்ததை வாங்கிச் சுட்டேன். அந்த வெயிலில் சிவப்பு வெளிறிப்போய், இருந்த இடமே தெரியவில்லை. இந்தமுறை கடதாசியில் ஓட்டையே இல்லை.

ஐயா வந்து கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை நடுங்குதா என்று கேட்டார். ஓம் சேர், கை நடுக்கம்தான் என்று சொன்னேன்.

எங்களை ஏற்றி வந்த நானா வேலியோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்ணியா ஆள், என்னைவிட மூத்தவர், மனதில் உள்ளதை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவர். அங்கிருந்தே சொன்னார்:

"சேர், அவருக்குக் கை நடுங்கல்ல. கண்ணுதான் புடிக்குதில்ல. போன் வந்தா நம்பரப் பாக்க அவர் கைய நீட்டுற நீட்டுல, இன்னும் கொஞ்சம் நீட்டினா போன் மூதூர்ல போய் நிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த மண்மேட்டுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த மனிதர் என் சோற்றில் மண் போட்டுவிட்டாரே என்று நினைத்தேன். திரும்பி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஐயா சிரிக்கவில்லை. சட்டைப்பையில் இருந்து ஒரு கண்ணாடியை எடுத்து என் கையில் தந்தார். பழைய றிவோல்வரில் குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு அதையும் தந்தார். போட்டுக்கொண்டு கையை நீட்டினேன். அந்தக் கறுப்புத் தகடு, ஒருவரும் தொடாத துவக்கின் தகடு, பிளேட்டால் வெட்டினது மாதிரி ஓரம் கூர்மையாக என் முன்னால் நின்றது. இரண்டு பக்கமும் வெளிச்சம் ஒரே அளவாகத் தெரிந்தது. ஆனால் தூரத்து வட்டம் கலங்கிப்போனது. பதறிப்போய், சேர், இப்ப அங்கால தெரியேல்ல என்றேன்.

"அது கலங்கினா பரவாயில்ல தம்பி. கண்ணுக்கு ஒரே நேரம் ரெண்டு தூரம் பாக்க ஏலாது. முதல்ல அங்க பாத்து, என்ன நிக்குது, பின்னால என்ன இருக்குது, அது தெரிஞ்சுக்கோணும். சுடுறதுக்கு முடிவு எடுத்த பிறகுதான் முன்தகடு. அந்த நேரம் அது ஒண்டுதான் தெளிவா இருக்கோணும்."

அந்தக் கண்ணாடி அவர் தனக்கென்று, கை நீட்டுகிற தூரத்துக்கு அளவெடுத்துச் செய்வித்ததாம். கடதாசி வாசிக்கிற கண்ணாடி இதற்குச் சரிவராது என்றும் சொன்னார். எனக்கிருந்த பயத்தில், கண்ணாடி போட்டால் துவக்கு தரமாட்டீர்கள்தானே சேர் என்று கேட்டுவிட்டேன். அப்படி ஒரு சட்டமே இல்லை என்றார். பிறகுதான் தெரியவந்தது. வாசல் காவலுக்குப் போன அந்த மனிதரை ஒருவரும் அனுப்பவில்லை. அந்த வாசல் அவர் வீட்டுக்குக் கிட்ட என்பதால், அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நாங்கள் எல்லாரும் சும்மா பயந்திருக்கிறோம்.

அடுத்த நாளே டவுனில் கண்ணைக் காட்டி, கை நீட்டும் தூரத்தை நூலால் அளந்து கொடுத்து, அதற்கு ஒரு கண்ணாடியும் வாசிக்க இன்னொன்றும் செய்வித்தேன். சோதனையன்று அந்தப் பழைய றிவோல்வரையே எடுத்தேன். பொட்டும் இல்லை, நிறமும் இல்லை. தகடும் பள்ளமும் மட்டும். கடதாசியைக் கழற்றி எடுத்து வந்த ஐயா அதை என் நெஞ்சில் ஒட்டி வைத்துத் தட்டினார். ஓட்டைகள் வட்டத்துக்குள் கூட்டமாக இருந்தன. நான் அங்கேயே நிலத்தில் குந்திவிட்டேன். மனைவியைக் கதிரையில் இருத்துகிற வேலை என்னிடமே இருக்கிறது என்பதுதான் முதலில் மனதில் வந்தது.

நானாவோடு அதுவரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தேன். திரும்பி வரும்போது வானில், நீங்கள் அன்றைக்குச் சொல்லாவிட்டால் நான் கொழும்பில்தான் என்று சொன்னேன். அவர் றோட்டைப் பார்த்தபடியே, "கொழும்பு கிடக்கட்டும் தம்பி. நான் நெனைச்சது புல்மோட்டைய" என்றார்.

அவர் சொன்னது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது, அன்றைய வெற்றிச் சந்தோஷம் வேறு மாதிரியாக மாறிவிட்டது. கப்பல்துறையில் நான் சுட்டு, கடதாசியில் படாமல் போனதெல்லாம் மண்மேட்டுக்குள் புதைந்தது. புல்மோட்டையில் அந்தக் கடைக்காரருக்குப் பின்னால் மண்மேடு இல்லை. பஸ் நிற்கும் இடம் இருந்தது. மழைக்கு ஒதுங்கிப் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நின்றார்கள். எத்தனையோ கடைகளில் அந்தக் கதைக்குச் சிரித்திருக்கிறேன். நானா மட்டும், சிரிக்க வைத்துக்கொண்டே, அதை மறக்காமல் இருந்திருக்கிறார்.

இப்போது இரண்டு கண்ணாடியும் சட்டைப்பையில் இருக்கின்றன, ஒருவருக்கும் ஒளிப்பதில்லை. புல்மோட்டைக்குப் போகும் நாட்களில் அந்தக் கடையில்தான் தேத்தண்ணி குடிப்பேன். கடைக்காரருக்குக் குடைக்கதை வெறும் பகிடிதான், என் கண் அன்றைக்கு எப்படி இருந்தது என்பது தெரியாது. அவர் கோப்பையை என் முன்னால் வைக்கும்போது, இந்த மனிதர் இன்றைக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்கிற அந்த ஒன்றே எனக்குப் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

பல தடவை எழுதிக் கிழித்து, இதை எழுதி முடித்தது குருத்தோலை ஞாயிறு, பின்னேரம்.