தம்பியை ஏலம் விட்ட ஞாயிறு

அப்பா இறந்தது போன வருஷம் பிப்ரவரியில். மார்ச் மாதம் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் போனை எடுக்காமல் இருந்தார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் உள்ளே போய்விடுவார். அப்புறம் என்னிடமும் தலையாட்டல் மட்டும். கடைசியில் அதுவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நான் ஊட்டினால் நாலு வாய் இறங்கும். என் அம்மா சுகிர்தா டீச்சர் இருபத்தெட்டு வருஷமாகப் பாளையங்கோட்டையில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். வகுப்பில் அவர் அதட்டினால் தெருவில் போகிற சைக்கிள் நிற்கும் என்பார்கள். அந்தக் குரல்தான் போய்விட்டது.

மருத்துவரிடம் காட்டினோம். கடுமையான மன அழுத்தம் என்றார். மாத்திரை கொடுத்தார். பொறுமையாக இருக்கச் சொன்னார். மாத்திரையை நாங்கள் ஒரு நாளும் நிறுத்தவில்லை, இன்றைக்கும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமைதான் என்னிடம் கிடையாது.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் பெனிட்டா, வயது இருபத்து மூன்று, வீட்டிலிருந்தே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கிட்டார் வகுப்பு, காளான் வளர்ப்பு, பிரெஞ்சுப் பாடம் என்று ஆரம்பித்து, ஒன்றையும் முடிக்காதவள். விடாமல் செய்தது ஒன்றுதான். சேரன்மகாதேவி ரோட்டில் ஜைனப் அக்கா நடத்தும் விலங்குகள் காப்பகத்துக்குச் சனிக்கிழமைதோறும் போவேன். பழைய செங்கல் சூளை அது. அடிபட்ட நாய்கள், வீசியெறியப்பட்ட பூனைகள், கண் தெரியாத ஒரு கழுதை எல்லாம் அங்கே இருக்கும். அவற்றில் சாதுவானவற்றை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அக்கா முதியோர் இல்லத்துக்குப் போவார். யாரோடும் பேசாத பாட்டிகள்கூட ஒரு பூனை மடியில் ஏறியதும் கதை சொல்ல ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அதையே அம்மாவுக்கும் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. தோன்றியதும் செய்தேன். மூன்று கால் நாய் செவலையைக் கூட்டிவந்தேன். அது கட்டிலில் தாடையை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் காத்திருந்தது. அம்மா திரும்பவில்லை. முயல் கொண்டுவந்தேன். அது என் சார்ஜர் ஒயரைக் கடித்ததுதான் மிச்சம். பூனைக்குட்டி கொண்டுவந்தேன். அம்மா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் அவசரப்படாதட்டி. மனுசருக்கு மருந்து மாரி இத்தனை மில்லின்னு அளந்து ஊத்த முடியுமா?" என்றார் ஜைனப் அக்கா.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. வழக்கம்போலத் தனியாகக் கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். கொக்கிரகுளம் பாலத்தின்மேல் வரும்போது அழுகை முட்டியது. வண்டியை ஓரங்கட்டினேன். கீழே ஆற்றில் யாரோ எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, ஸ்தோத்திரப் பண்டிகைக்குள் அம்மா எழுந்து கோயிலுக்கு வரட்டும். உமக்கு ஒரு கிடா தருகிறேன்."

எங்கள் சபையில் வருஷா வருஷம் அக்டோபரில் அந்தப் பண்டிகை. வயலில் விளைந்தது, வீட்டில் வளர்ந்தது என்று ஆளுக்கொன்று காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். அப்பா இருந்தவரை ஏலம் கூறுவது அவர்தான். அலுவலகத்தில் வாயே திறக்காத கிளார்க், அன்றைக்கு மட்டும் ஒரு கூடை வெண்டைக்காயைத் தங்கக்கட்டிபோலக் கூவுவார். எங்கள் வீட்டுக் காணிக்கை எப்போதும் கோழி. பெரிய காரியம் கேட்கிறோம், கோழி போதாது என்று எனக்குத் தோன்றியது.

அதோடு விட்டேனா? அடுத்த செவ்வாய்க்கிழமையே மேலப்பாளையம் சந்தையில் ஒரு கிடாக்குட்டி வாங்கிவிட்டேன். ஜெபம் கேட்கப்படும் என்று நம்புகிறவள் முன்கூட்டியே வாங்குவதில் என்ன தவறு? வளர்ந்ததும் கொடுக்கலாம். சபைக் கமிட்டியில் இருக்கும் செல்லத்துரை அண்ணாச்சியிடம், "பொன்ராஜ் மகள் பெனிட்டா, கிடா ஒன்று" என்று காணிக்கை நோட்டில் எழுதச் சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் காலை எனக்கு வேலை. காதில் ஹெட்போன். அந்தப் பக்கம் மேனேஜர். புறவாசலில் கட்டியிருந்த குட்டி கத்தத் தொடங்கியது எனக்குக் கேட்கவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து ஹெட்போனைக் கழற்றினால் வீடு அமைதியாக இருந்தது. கட்டில் காலி.

ஓடினேன். அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். மடியில் குட்டி. ஒரு கரண்டியில் கஞ்சித் தண்ணீர். அது குடிக்கத் தெரியாமல் அவர் சேலையை எல்லாம் நனைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பால் மறக்காத குட்டியப் போய் வாங்கிட்டு வந்திருக்கியே, ஒனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்காட்டி?"

மூன்று மாதத்துக்குப் பிறகு அம்மா சொன்ன முதல் வார்த்தைகள் அவை. உனக்குப் பைத்தியமா என்று கேட்கிறார். அந்தத் திட்டைக் கேட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. "அழுதது போதும். பாலைக் காய்ச்சு" என்றார்.

ஜைனப் அக்கா ரப்பர் போட்ட பால் பாட்டிலோடு வந்தார். குட்டியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூணு மாசக் குட்டின்னா வாங்குன? மூணு வாரம் ஆயிருந்தா பெருசு. டீச்சர், பையக் குடுங்க. ஒரேயடியாக் குடுத்தா வயிறு ஊதிரும். மூணு மணிநேரத்துக்கு ஒருக்க."

அந்த மூன்று மணிநேரக் கணக்குதான் அம்மாவைக் கட்டிலிலிருந்து கிளப்பியது. பால் கொடுக்க எழுந்தார். எழுந்ததால் முகம் கழுவினார். முகம் கழுவியதால் காபி கேட்டார். ஒரு வாரத்தில் அக்காவுக்கு அவரே போன் செய்து குட்டியின் சாணி நிறத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். செவலை காத்திருந்தும் நடக்காதது, சும்மா கட்டிப்போட்ட ஆட்டால் நடந்துவிட்டது. அம்மாவுக்கு ஆறுதல் தரவேண்டும் என்று நினைத்து நான் கொண்டுவராத ஒரே பிராணி அது.

அதற்கு அம்மா வைத்த பெயர் தம்பி. நான் ஒற்றைப் பிள்ளை. "இவன்தான் ஒனக்குத் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். ஆண்டவருக்குக் கிடா தருவதாக நான் நேர்ந்துகொண்ட பொருத்தனையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஜைனப் அக்கா தம்பியை முதியோர் இல்லத்துக்குக் கேட்டார். யார் உட்கார்ந்திருந்தாலும் போய் முழங்காலில் தாடையை வைப்பது அவன் பழக்கம். அவனை விட்டு இருக்க மாட்டாமல் அம்மாவும் ஆட்டோவில் ஏறினார். அங்கே ஒரு பெரியவர், முன்பு லாரி ஓட்டியவராம். மனைவி போனதிலிருந்து யாரையும் கிட்டே விடுவதில்லை. தம்பி அவரிடம் போய்த் தன் வேலையைக் காட்டினான். அவர் வெகுநேரம் அசையவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பாதி பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு அண்ணாச்சி. சுவரு மட்டும் போதும்னு இருந்துச்சு" என்றார். அன்றைக்கு வீடு திரும்பி அம்மா மூன்று தோசை சாப்பிட்டார்.

ஆனால் கோயிலுக்கு மட்டும் வரவில்லை. "எங்க வேணாலும் வாரேன். அங்கன மட்டும் கூப்பிடாத. அங்க ஒங்கப்பா சத்தம் கேக்கும்" என்பார்.

என் மூளை கணக்குப் போட்டது. அம்மா கோயிலுக்கு வந்தால்தானே கிடா? வரவில்லையே. அப்படியென்றால் கொடுக்க வேண்டாமே! ஆண்டவரிடம் வக்கீல்போல வாதாடிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. அம்மாவை எழுப்பியது யார் என்று எனக்குத் தெரியாதா?

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை செல்லத்துரை அண்ணாச்சி நோட்டோடு வந்துவிட்டார். தம்பியின் முதுகைத் தடவி, "நல்லா வளத்திருக்கிய டீச்சர். ஞாயித்துக்கிழம நல்ல போட்டி இருக்கும். கறிக்கடை எட்வின் இப்பமே கண்ணு வச்சிட்டான்" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தம்பியையா?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை முழுவதும் எழவில்லை. தம்பி அறை வாசலில் நின்று கத்தினான். அகத்திக்கீரையைத் தொடவில்லை. திரும்ப மார்ச் மாதத்துக்கே வந்துவிட்டோம் என்று நினைத்தேன். என் அவசரம் எழுப்பிய அம்மாவை என் அவசரமே படுக்க வைத்துவிட்டது. அடுப்படியில் முழங்கால் போட்டேன். இந்த முறை பேரம் எதுவும் என்னிடம் இல்லை. "ஆண்டவரே, நான் உம்மிடம் வியாபாரம் பேசினது தப்பு. ஆடு உம்முடையது. அம்மாவும் உம்முடையவர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை." என் வாழ்க்கையிலேயே அவசரமில்லாமல் செய்த முதல் ஜெபம் அது.

ஜைனப் அக்காவிடம் போனில் சொன்னேன். "செஞ்சது முட்டாத்தனம்தான். ஆனா குடுக்கேன்னு சொன்னது சொன்னதுதான, குடுத்திரு. நானும் துஆ செய்யுதேன்" என்றார்.

ஞாயிறு காலை தம்பியைக் குளிப்பாட்டி, கழுத்தில் கனகாம்பரச் சரம் கட்டி, அக்காவின் ஆட்டோவிலேயே கொண்டுபோனேன். அம்மா படுத்தேயிருந்தார். எங்களை இறக்கிவிட்டு அக்கா போய்விட்டார். பந்தலில் பூசணிக்காய், வாழைத்தார், நாலு சேவல், நடுவில் என் தம்பி. ஆராதனையில் என்ன பாடினோம் என்று நினைவில்லை.

நானே ஏலத்தில் எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சபையில் காணிக்கை கொடுத்தவர் அதையே கேட்கக்கூடாது. கொடுத்த கையாலேயே திரும்ப எடுப்பதாகும் என்பார்கள்.

அப்பா நிற்கும் இடத்தில் செல்லத்துரை அண்ணாச்சி நின்றார். பூசணி போனது, சேவல்கள் போயின. தம்பியைக் கொண்டுவந்தார்கள். சின்ன வயசில் அம்மாவிடம் மூன்றாம் வகுப்பு படித்த எட்வின் அண்ணன் முதல் விலை சொன்னார். இன்னொருவர் கூட்டினார். எட்வின் மறுபடி கூட்டினார். தொகையெல்லாம் எழுதப்போவதில்லை, எனக்கு அது காதில் விழவும் இல்லை. "ஒரு தரம்..." என்றார் அண்ணாச்சி.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் இன்னும் கூட்டிக் கேட்டது.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. அம்மா. கசங்கிய வீட்டுச் சேலை, வாராத தலை. பின்னால் மதில் கேட் பக்கத்தில் ஜைனப் அக்கா ஆட்டோ சாவியோடு நின்றார். அம்மாவேதான் அவருக்குப் போன் செய்து, "வண்டியத் திருப்பு" என்றாராம். நோட்டில் இருந்தது என் பெயர் மட்டும்தான், அம்மா கேட்கத் தடையில்லை.

எட்வின் அண்ணன் அம்மாவையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி இன்னும் கொஞ்சம் கூட்டினார். எனக்கு அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. அம்மா கூட்டினார். அவர் மறுபடி கூட்டினார்.

"எட்வினு, ஒனக்கு மனசாட்சி இருக்கா வே?" என்று அண்ணாச்சியே கேட்டுவிட்டார்.

"ஆடு யாருக்கு வேணும் அண்ணாச்சி?" எட்வின் அண்ணனின் கண்ணில் தண்ணீர். "டீச்சர் சத்தத்தக் கேட்டு எத்தன மாசமாச்சு. இன்னும் ஒரு தடவ கேட்டுக்கிடுதேனே."

அம்மா இடுப்பில் கைவைத்தார். மூன்றாம் வகுப்புக் குரல் வந்தது. தெருவில் போகிற சைக்கிளை நிறுத்தும் அதே குரல்.

"ஏலே எட்வினு! கைய எறக்குலே! ஒக்காரு!"

முப்பத்தைந்து வயசுக் கறிக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பந்தல் வெடித்துச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார், அழுதார். அண்ணாச்சி "ரெண்டு தரம்" வரைக்கும்தான் சொன்னார், அப்புறம் அவருக்கு வரவில்லை. மூன்றாவதைச் சபையார் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். தம்பி கயிற்றோடு ஓடிப்போய் அம்மாவின் முழங்காலில் தாடையை வைத்தான்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் சோற்றில் வைத்த கை நின்றது. நான் பாலத்தில் கேட்டது என்ன? பண்டிகைக்குள் அம்மா எழுந்து கோயிலுக்கு வரவேண்டும் என்றுதானே. வந்து, எனக்கு எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து, ரசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கோயிலுக்குக் கூட்டிவந்தது நான் கொடுத்துவிட்ட அந்த ஆடுதான். என் கையில் அது இருந்திருந்தால் அம்மா வந்திருக்கவே மாட்டார்.

அதன் பிறகு அம்மா ஒரு ஞாயிறும் தவறவில்லை. அப்பா சத்தம் இன்னும் கேட்கிறதாம். "கேக்கட்டும், நல்லாத்தான இருக்கு" என்கிறார். நீண்ட விடுப்பு முடிந்து இந்த வருஷம் ஜூனில் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பிவிட்டார். நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். தொடங்கியதை முடிக்கிறேன், கிட்டார் நீங்கலாக.

உங்கள் வீட்டிலும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவர் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஜெபத்தையும் நிறுத்தாதீர்கள். ஆனால் பதில் எந்த வழியாக வரவேண்டும் என்று ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது நாலு காலில் வரலாம், உங்கள் சார்ஜரைக் கடிக்கலாம், வேலை நேரத்தில் கத்தலாம். கதவைத் திறந்து மட்டும் வையுங்கள். யாராவது எங்களோடு முதியோர் இல்லத்துக்கு வர விரும்பினால் வாருங்கள், ஆட்டோவில் இடம் இருக்கிறது.

இன்றைக்குச் சனிக்கிழமை. தம்பி வாசலில் நின்று கத்துகிறான், கிழமை அவனுக்கு எப்படித் தெரிகிறதோ. லாரிக்காரப் பெரியவர் பிஸ்கட் பொட்டலத்தோடு காத்திருப்பார். அம்மா செருப்பு மாட்டிவிட்டார். தெருவே கேட்க என்னைக் கூப்பிடுகிறார். ஸ்தோத்திரம், நான்தான் தாமதம்.