கனிமொழியின் இடக்கை

கனிமொழி இடக்கையால் எழுதுவாள், ஊசி பிடிப்பாள், சோறும் உண்பாள். திருப்பனந்தாளுக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்கு வந்தால் மட்டும் உண்பதற்கு வலக்கைக்கு மாறிவிடுவாள். அங்கே அவள் உடுத்தும் சேலைகளில் ரசக்கறை படியாத சேலை இல்லை.

சிங்கப்பூரில் படித்துத் திரும்பியவள், சென்னைக்கு வெளியே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேதியியலாளர். அவளுடைய கருவி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடிச் சில்லு. அதில் மயிரிழை அகலத்தில் ஒரு வாய்க்கால். இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறுகளை அதில் விட்டு, மின்சாரம் பாய்ச்சி, ஒரு நிமிடத்துக்குள் பிரித்துவிடுவாள். கணினித் திரையில் எழும் இரண்டு முகடுகளுக்கும் சோத்துக்கை, பீச்சாங்கை என்று பெயர் வைத்திருக்கிறாள். வடநாட்டு மேலாளரும் “இன்று பீச்சாங்கை அதிகமா?” என்று கேட்கப் பழகிவிட்டார்.

தந்தை ரெத்தினத்தின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகும் வேனில், தாய் ராமாயி ஒரு நிபந்தனை விதித்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். பந்தியில பீச்சாங்கைய நீட்டி என் மானத்த வாங்காத.”

“சரிம்மா. எப்பவும்போல அரை வயித்தோட எந்திரிச்சிடறேன்.”

பட்டணத்துக்காரிக்குப் பசி குறைவு என்றே ராமாயி அதுநாள்வரை எண்ணியிருந்தாள். பேச்சை மாற்றினாள்.

“அந்தச் சில்ல வச்சு என்னதான்டி பண்ணுற?”

“மருந்துல சோத்துக்கை, பீச்சாங்கைன்னு ரெண்டு வகை இருக்கு. ரெண்டும் ஒரே எடை, ஒரே சாடைம்மா. வாய்க்கால் தண்ணியில ஒரு சர்க்கரையக் கலந்துவிடுவேன். ஒண்ணு அதுகூட ஒட்டி ஒட்டிப் பின்தங்கிடும். இன்னொண்ணு நிக்காம ஓடிடும்.”

“ஒங்க நாகநாதன் சித்தப்பா கடைத்தெருவுல ஆளாளுக்கு நின்னு பேசிட்டுப் போற மாதிரின்னு சொல்லு.”

“அதேதான்.”

“கரண்ட கூட்டி வேகமா வெரட்டுனா பீச்சாங்கை சோத்துக்கையா மாறிடுமா?”

“எவ்வளவு குடுத்தாலும் மாறாதும்மா.”

ராமாயி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பந்தியில் கனிமொழிக்கு இடப்பக்கம் ராமாயி, அவளுக்கு அப்பால் மாலையும் கழுத்துமாக ரெத்தினம். எதிர் வரிசை முழுக்க உறவினர்கள். சாம்பார் விழுந்தது. கனிமொழியின் வலக்கை சோற்றின் மேல் தயங்கி நின்றது.

ராமாயி தன் இலையை ஒரு சாண் கணவர் பக்கம் இழுத்து, தானும் நகர்ந்து, மகளின் இட முழங்கைக்கு வழி விட்டாள்.

“ஏன்டி வந்து இடிக்கிற?” என்றார் ரெத்தினம்.

“புள்ள சாப்பிட வேணாமா? தள்ளி உக்காருங்க.”

கனிமொழிக்கு அப்போது வயது முப்பத்தெட்டு.