கையெழுத்துப் போடாத ஜெகதாம்பாள்

ஜெகதாம்பாள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள் நான். கோவில்பதாகையிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். அவளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் மலேரியாக் கிருமியை மனித ரத்தத்தில் உயிரோடு வளர்ப்பது பத்து வருடமாக அவள் கைதான். கிருமித் தட்டுகளைக் கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, மெழுகுவத்தி ஏற்றி மூடுவாள். சுடர் சுருங்கி அணைகிற நொடியில் மூடியின் துவாரத்தை அடைப்பாள். அந்தக் குறைந்த காற்றுதான் கிருமிக்குப் பிடிக்கும். பிறகு ஜாடி முப்பத்தேழு டிகிரிச் சூட்டுப்பெட்டிக்குள் போகும்.

ரத்த அணுவுக்குள் நுழைந்த கிருமி, வளர்ந்து, பலவாகப் பிரிந்து, அணுவை உடைத்து வெளியே வர நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும். அந்தக் கிருமிக்குள் ஐயாயிரத்துக்கு மேல் மரபணுக்கள். எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்வதில்லை. எது எப்போது தேவையோ அப்போதுதான் கிருமி அதைப் படி எடுக்கும். தேவை முடிந்ததும் நிறுத்திவிடும். அந்த வரிசையைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி மாணவன் நிர்மல் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையை ஆரம்பித்தான். திங்கள் காலை எட்டு மணி வரை, நாலு மணி நேரத்துக்கு ஒரு குழாய் கிருமி எடுக்க வேண்டும். பகலில் ஜெகதாம்பாள் எடுப்பாள், ராத்திரியில் அவன். மொத்தம் பதின்மூன்று.

முதல் மூன்று குழாய்களை மட்டும் சோதித்துக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது சிக்கல் வந்தது. மாலை நாலு மணிக் குழாயில் இருந்த மரபணுப் படிகள், பகல் பன்னிரண்டு மணிக் குழாயில் இருந்தவை போலவே இருந்தன. அவள் பன்னிரண்டுக்கே இரண்டையும் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நிர்மல் சொன்னான். தலைமை டாக்டர் அருள்மொழி ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்தார்.

"கையெழுத்து போட்டுடு ஜெகதா. வேலை இருக்கும். இல்லன்னா இந்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடிஞ்சுடும்."

"நாலு மணிக்கு நான் இங்கதான் இருந்தேன் மேடம்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாக்கா?" என்றான் நிர்மல்.

"அது சொல்லல. நீதான் சொல்ற."

நான் பக்கத்துத் தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். ஜெகதாம்பாள் போய், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் கண்ணாடி வில்லைகள் இருந்த பெட்டியை எடுத்து வந்தாள். ஒவ்வொரு குழாய் எடுக்கும்போதும் ஒரு சொட்டை வில்லையில் பூசிவைப்பது அங்கே எல்லாருக்கும் வழக்கம். வில்லையின் ஓரத்தில் பென்சிலால் சூட்டுப்பெட்டியின் டிகிரியையும் எழுதுவது அவளுக்கு மட்டும் வழக்கம். நாலு மணி வில்லையில் முப்பத்தொன்று என்று இருந்தது.

"அன்னிக்கு கரண்டு கட்டு. சூட்டுப்பெட்டி பிளக்கப் புடுங்கி சாதா போர்டுல சொருகிட்டு, ஜெனரேட்டர் போர்டுல ஃபேனு ஓடிகினு இருந்துச்சு. நான்தான் திருப்பி மாத்திச் சொருகினேன். யார் ஃபேனு நைனா அது?"

நிர்மல் தன் மேஜை ஃபேனைத் திரும்பிப் பார்த்தான்.

"திங்கக்கெழம உன்னாண்ட சொன்னேன். காதுல பாட்டு ஒயர மாட்டிகினு, சரிக்கா சரிக்கான்னே."

"இதை நீ அப்புறமா எழுதியிருக்கலாமே?" என்றார் டாக்டர்.

"எழுதியிருக்கலாம். ஆனா நான் ஏமாத்தியிருந்தா என் குழா ஒண்ணுதான தப்பா இருக்கும்? ராத்திரி இவரு எடுத்ததெல்லாம் கரெக்டா இருக்கணும். கிருமி குளுந்து பின்தங்கியிருந்தா இவருதும் லேட்டாத்தான் இருக்கும். மீதி பத்தையும் பாருங்க. கரெக்டா இருந்துச்சுன்னா, கையெழுத்து இன்னா, வேலையே வாணாம்."

கடைசி வில்லையை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். "திங்கக்கெழம காலைல அணு உடைஞ்சிருக்கணும். இன்னும் முழுசா கீது, பாருங்க."

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பத்துக் குழாய்களையும் சோதிக்கச் சொன்னார். முடிவு வரும்வரை ஜெகதாம்பாள் கிருமிப் பக்கம் போகக்கூடாது என்றும் சொன்னார்.

எட்டு நாள் என்னோடு குடுவை கழுவினாள். ஒரு கையெழுத்துத்தானே, போட்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன்.

"அந்தக் கிருமியே, குளுருல நின்னேன்னு மறைக்காம சொல்லுது. நான் நின்ன எடத்த நான் மாத்திச் சொல்லணுமா?" என்றாள்.

முடிவு வந்தது. பத்துக் குழாயும் ஒரே அளவு பின்தங்கியிருந்தன. நிர்மல் கழுவுமிடத்துக்கே வந்து நின்றான்.

"சாரிக்கா."

"சாரிய நீயே வச்சுக்க. உன் நோட்டுல எழுது. பிளக்கப் புடுங்கினது யாரு, எத்தினி மணிக்கு, எல்லாம்."

அவள் பார்க்க, நின்றபடியே எழுதினான். டாக்டரிடம் அந்த மன்னிப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கினாள் ஜெகதாம்பாள். கிழித்துப்போடுவாள் என்று நினைத்தேன். கிருமி வேலைக்குத் திரும்பியதும், சாயம் போட்ட வில்லைகள் காயும் தட்டுக்குக் கீழே அதை விரித்தாள். மதியத்துக்குள் சாயம் சொட்டி அது முழுக்க ஊதாவாகிவிட்டது.