கோர்ட்டு வாசலில் நின்ற புரோக்கர்

நெல்லித்தோப்பில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை என்று இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். ஏழைகளுக்கு இலவச வக்கீல் உண்டென்று கேள்விப்பட்டு கோர்ட்டுக்குப் போனேன். வாசலிலேயே ஒரு புரோக்கர் மறித்தான்.

"பிரெஞ்சுக்காரன் போனதோட அதுவும் போச்சும்மா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதைக் கண்ணால் பார்த்தவள், நம்பிவிட்டேன். கடைக்கு வரும்போதெல்லாம் வஞ்சிரக் கருவாடாகப் பொறுக்கி எடுத்துப் போனான். அவனுக்கு மட்டும் நாறவில்லை. விசாரணை நெருங்கியதும் ஆளைக் காணோம்.

பதறிப்போய் கோர்ட்டுக்குள் ஓடினேன். புரோக்கர் சொன்னதைச் சொன்னதும் குமாஸ்தா சிரித்தார். "கொடிதாம்மா மாறிச்சு. இலவச வக்கீல் இன்னும் இருக்காரு."

அந்த வக்கீல் வாதாடி, கடை தப்பியது. என் வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை.

இப்போது கடைத்தெருவில் யார்மேல் வழக்கு வந்தாலும் நானே கூடப் போகிறேன். அந்தப் புரோக்கர் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். அவன் காதில் விழும்படியே சொல்கிறேன்: "இவன்கிட்ட நிக்காத, உள்ள போய்க் கேளு."