கடைசிக் கம்பத்து வீடு

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகியிருக்கும். நல்லவர், பொறுமைசாலி என்று நீங்களெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். உண்மைதான். ஆனால் நான் அவருடைய கூடப்பிறந்தவள். எனக்கு இந்த ஊர்மேல் பொறாமை. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

அண்ணன் பிறந்தது நாங்குநேரியில். அப்பா தவறிய பின் படிப்பை விட்டுவிட்டு, வள்ளியூரில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார். பிறகு அதே ஊர் பஜாரில் ஒரு மாடியில் டிஷ் வைத்து, தெருத்தெருவாகக் கேபிள் இழுத்தார். அன்றிலிருந்து மதியம் அவர் எந்தக் கேசட்டைப் போடுகிறாரோ அதுதான் ஊருக்குப் படம். வழியில் மறித்து, "அண்ணாச்சி, நாளைக்கு ஒரு சிரிப்புப் படம் போடுங்க" என்பார்கள். போடுவார். நான் கேட்டால் மட்டும், "ஏட்டி, ஊரே பாக்குதுல்லா, உனக்குன்னு எப்படிப் போட?" என்பார்.

எங்கள் வீடு கேபிளின் கடைசிக் கம்பத்தில் இருந்தது. பஜார் வீடுகளில் பளிச்சென்று தெரிகிற படம் எங்களிடம் வரும்போது வெறும் புள்ளியாக இருக்கும். "இங்கன ஒரு பூஸ்டர் வச்சா என்ன?" என்று அண்ணன் மனைவியான மதினி கேட்டார். "மொதல்ல நம்ம வீட்டுக்கு வச்சா ஊர்ல என்ன சொல்லுவாவ?" என்று அண்ணன் முடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தெருவில் இழவு விழுந்தால், எடுக்கும் வரை அந்தத் தெருவுக்கு மட்டும் லைனை நிறுத்திவிடுவார். மற்ற தெருக்களில் படம் ஓடும். மஞ்சள் காமாலை முற்றிப் படுத்திருந்தபோதுகூட, கீழத்தெருவில் ஒரு சாவு என்று கேட்டதும், "லைனை நிறுத்தியாச்சா?" என்றுதான் கேட்டார்.

அண்ணன் போன அன்று, அவரோடு தொழில் செய்த கூட்டாளி மதினியிடம் வந்து, "நம்ம தெரு லைனை நிறுத்திருதேன்" என்றார். அந்த அழுகையிலும் எனக்கு ஒரு திருப்தி. இதாவது எங்களுக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் பஜாரிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். "அது எப்படி வே, இந்தத் தெருவுக்கு மட்டும்? எங்க தெருவையும் நிறுத்தும்" என்று கூட்டாளியிடம் சண்டைக்கு நின்றார்கள். ஊர் முழுவதும் நிறுத்தப்பட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கார் தந்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும் நன்றி சொல்லச் சொன்னார் மதினி. மனதாரச் சொல்கிறேன். ஆனாலும், அன்று ஒரு நாளாவது அண்ணனை எங்கள் தெருவுக்கு மட்டும் விட்டுத் தந்திருக்கலாம்.