பத்துக் குடம் தண்ணீரும் எங்கள் சந்து ரோடும்

மழை விட்ட மறுநாள் எங்கள் சந்தில் துரு வாசம் அடிக்கும். பக்கத்திலேயே சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். சேற்றில் கால் வைத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும்... கால் மட்டும் வெளியே வரும்.

இடுப்பில் குடம் இருக்கும்போது குனிந்து செருப்பை எடுக்க முடியாது. அதனால் வெறுங்காலோடுதான் நடப்பேன்.

எனக்கு அப்போது பதினாலு வயது. சந்தில் மொத்தம் பதினாறு வீடு. மனை போட்டு விற்றவர் வழியை யாருக்கும் எழுதிக் கொடுக்காமலே போய்விட்டார். கார்ப்பரேஷன் ஆபீஸில் போய்க் கேட்டால் இது தனியார் வழி, நாங்கள் ரோடு போட முடியாது என்பார்கள். அதனால் கிராவல் மண் ரோடுதான். அதையும் நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணி லாரி ஒருமுறை உள்ளே வந்து சக்கரம் புதைந்து அரை நாள் நின்றது. அதோடு சரி. அப்புறம் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது, வெயிட் தூக்கக் கூடாது. அப்பா ஆறு மணிக்கே மூன்று சக்கர மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு இரும்பு லோடு அடிக்கப் போய்விடுவார். லாரி எட்டு மணிக்கு வரும்... சில நாள் பத்துக்கு வரும். ஒன்பதாவது பாதியில் நான் ஸ்கூலை விட்டது இதற்காகத்தான். ரோடு சரியாகி லாரி உள்ளே வரட்டும், அப்புறம் போகலாம் என்று அம்மா சொன்னாள். நானும் சரி என்றேன். நான் எதற்கும் சரி என்றுதான் சொல்வேன்.

ரோடு எங்கே சரியானது? மழை வந்து போனதும் அப்பா வண்டியில் இடித்த கட்டட ரப்பிஷ் கொண்டுவந்து கொட்டுவார். சந்து முனையில் டெய்லர் கடை வைத்திருக்கும் காதர் பாய் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி இரண்டு லோடு கிராவல் இறக்குவார். அடுத்த மழையில் மறுபடி குளம்.

பாய் ஒரு இன்ஜினியருக்குப் போன் பண்ணினார். வந்து பார்க்கவே அவர் கேட்ட ஃபீஸில் இன்னும் நாலு லோடு கொட்டிவிடலாம். போனை வைத்துவிட்டு, "பேசுனதுக்கே துட்டு கேப்பாரோன்னு பயந்துட்டேன்" என்றார்.

அந்தச் சமயம் மெயின் ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. ரோலர் ஓட்டும் செல்வம் அண்ணன் எங்கள் சந்து முனையில்தான் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவார். ஒருநாள் நான் குடத்தோடு வழுக்கி விழுந்ததைப் பார்த்துவிட்டார். லாரி உள்ளே வராதா என்று கேட்டார். வராது என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சந்துக்குள் நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, இங்கே மண் குறைச்சலே இல்லையே என்றார்.

இதைப் பாய் காதில் போட எனக்கு இரண்டு நாள் ஆனது.

பாய் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை செல்வம் அண்ணன் வந்தார். காசு வேண்டாம், மத்தியானம் சோறு போட்டால் போதும் என்றார். அளக்கவில்லை, தோண்டவில்லை. சந்தின் உள்கோடிக்குப் போய் நின்று, பத்துக் குடம் தண்ணி கொண்டுவந்து ஊற்றச் சொன்னார்.

யாரும் நகரவில்லை. எங்கள் சந்தில் போய் ரோட்டில் ஊற்றத் தண்ணி கேட்டால்...

அம்மாதான் முதலில் எங்கள் டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டு கொடுத்தாள். காலையில் நான் தூக்கிவந்த தண்ணி. அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கொண்டுவந்தார்கள்.

தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்தது. நாங்கள் எல்லோரும் அதன் கூடவே நடந்தோம். முனையில் இருக்கிற கால்வாய்க்குப் போக வேண்டிய தண்ணி, நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டது.

அங்கே அப்பா வண்டி ஏற்றுவதற்காகப் போட்ட சிமென்ட் சரிவு இருந்தது. சந்தின் அகலத்தில் பாதி அதுதான். எல்லா வீட்டு வாசலிலும் மேடு உண்டு, எங்களுடையது பெரிசு.

செல்வம் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எட்த்துக்காதீங்கண்ணே. நீங்க ரோடு போடலை. ஆளாளுக்கு வாசல்ல கரை கட்டி, நடுவுல தண்ணிக்குத் தொட்டி கட்டி வச்சிக்கீறீங்க. மொதல்ல இத்த எல்லாம் உடைங்க. அந்த மண்ணையே நடுவுல போட்டு நாலு விரக்கடை ஒசத்துங்க. ஒரு லோடு கூட வாங்க வேணாம்."

அப்பா முகம் மாறிவிட்டது. "என் வண்டி இன்னா பறந்தா உள்ள போவும்? வெளிய வுட்டா காத்தால சக்கரம் இருக்குமா?"

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "வண்டி வெளிய நிக்கட்டும். பொண்ணு வெளிய போவட்டும்."

அப்பா கடப்பாரையை எடுத்து அவரே உடைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் உடைத்தார்கள். நடுவில் போட்ட மண் இறுகட்டும் என்று ஒரு வாரம் முழுக்க லோடு ஏற்றிய வண்டியை அதன் மேல் மிதித்தார்.

அடுத்த மழையில் தண்ணி ஓரமாக ஓடிக் கால்வாயில் விழுந்தது. லாரி எங்கள் வாசல் வரை வந்தது. அம்மா என் யூனிஃபார்ம் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தைத்தாள்.

ஸ்கூலுக்குப் போனேன். டீச்சர், உன் பேரை ரிஜிஸ்டரிலிருந்து எடுக்கவில்லை, நாளைக்கே வா, ஆனால் மறுபடி ஒன்பதாவதில்தான் உட்கார வேண்டும் என்றார். என்னோடு படித்தவர்கள் எல்லாம் பத்தாவதில் இருந்தார்கள். ஜன்னல் வழியாக இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்... வெளியே வந்துவிட்டேன். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். அம்மா நம்பினாள்.

இப்போது எனக்குப் பதினெட்டு. மணலியில் ஒரு கம்பெனியில் பேக்கிங். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. லாரி வந்தால் பத்து நிமிஷத்தில் டிரம் நிறைந்துவிடுகிறது. சந்தில் மூன்று பிள்ளைகள் ஷூ நனையாமல் ஸ்கூலுக்குப் போகிறார்கள்.

அப்போது உடம்புதான் அலுத்துப்போகும், படுத்தால் தூங்கிவிடுவேன். இப்போது படுத்தால் நான் சொன்ன அந்த ‘இடமில்லை’தான் ஞாபகம் வருகிறது. ஷிஃப்ட் முடிந்து வரும்போது அப்பா வாசலில் வண்டிக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு தடவை டயர் திருடு போய்விட்டது, அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வந்துட்டியா" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.