நடக்கும்போது பேசாத மாமனார்

கல்யாணமாகி நான் காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊருக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். பாப்பிரெட்டிப்பட்டியில் என் பிறந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம். புகுந்த வீட்டில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசினார். பழகக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு ஏரிக்கரை மேலே நடந்து போக வேண்டும். என் வீட்டுக்காரர் தர்மபுரியில் ஒரு மருந்துக்கடையில் இருந்தார். அவருக்கு ஞாயிறும் வேலை. அத்தை மாடுகளைக் கவனித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு பின்னால் வருவார். அதனால் மாமனாரும் நானும் முன்னே போவோம். அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. வெள்ளைச் சட்டையும் துண்டுமாக வேகமாகத்தான் நடப்பார்.

முதல் ஞாயிறே கேட்டேன். "இந்த ஏரி கடைசியா எப்பங்க மாமா ரொம்புச்சு?"

அவர் யோசித்தார். அப்படியே கரையை விட்டு வெளியே காலை வைத்தார். சரிவில் மெதுவாக உருண்டு போய் ஒரு வேலிகாத்தான் புதரில் நின்றார். ஏரியில் தண்ணீர் இல்லை. நான் இறங்கிப் போவதற்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "என் தங்கச்சி கல்யாணம் ஆன வருசம்" என்றார்.

அடுத்த தடவை கொள்ளுக்காட்டு வரப்பில், அவருடைய அப்பாவுக்கு எத்தனை ஏர் மாடு இருந்தது என்று கேட்டபோது விழுந்தார். அதற்குப் பிறகு வழியில் நான் என்ன கேட்டாலும் பதில் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நடப்பார். என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்பா அப்படித்தான்" என்றார். யாரைப் பற்றிக் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

விழுவது கிறுகிறுப்பால் என்பது அத்தையின் எண்ணம். தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், அறைக்குள்ளேயே நடக்கச் சொன்னார். மாமா பட்டாளத்துக்காரர் மாதிரி நடந்து காட்டினார். ஒரு குறையும் இல்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தார். நாங்கள் வாசலை நோக்கிப் போகும்போது டாக்டர் பின்னாலிருந்து, "பெரியவரே, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு?" என்று சும்மா கேட்டார்.

மாமா நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கறவங்களாங்க, பொறந்தவங்களாங்க?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மாமா அங்கேயே நின்று கணக்கை மனதில் முடித்துக்கொண்டுதான் படியில் இறங்கினார்.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கேட்காததற்கும் சொன்னார்.

"நடக்கறப்ப மட்டும் ஏங்க மாமா பேசமாட்டேங்கறீங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "யோசன போச்சுன்னா காலு எங்க வெக்கிறேன்னே தெரிய மாட்டேங்குதும்மா. இதப் போயி யார்கிட்ட சொல்றது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்காக வருத்தப்பட வேண்டும் என்பது காரிமங்கலம் வந்த பிறகுதான் தோன்றியது.

அதன் பின் மதகு வரைக்கும் நான் வாயைத் திறப்பதில்லை. அங்கே ஒரு கல் கிடந்தது. அவரை உட்கார வைத்துவிட்டுக் கேட்பேன். ஊரில் நடந்த பாகப்பிரிவினை, ஓடிப்போனவர்கள், கன்னடம் பேசும் பங்காளிகளோடு வந்த தகராறு எல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. நாங்கள் கோயிலுக்குள் நுழையும்போது பல நாள் பிரசங்கம் முடிந்திருக்கும்.

ஒரு திருவிழாவன்று கோயில் படியில் இறங்கும்போது அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர், "என்னப்பா, எங்கூட்டுக்கு வந்து எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார். மரியாதைக்காக மாமா யோசித்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். அன்றிலிருந்து நான் ஒரு அடி முன்னால் நடந்து, எதிரே வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன். மருமகள் மாமனாரை வாய் திறக்க விடுவதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், யாரும் எதுவும் கேட்காமலேயே ஒருநாள் கரையில் விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு.

"நான் ஒண்ணுமே கேக்கலைங்களே மாமா?"

"நீ கேக்கல. நானா நெனச்சிட்டேன்."

"என்னங்க நெனச்சீங்க?"

வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார். "நீங்க டவுனுக்குக் குடி போறீங்களே. அப்பறம் கோயிலுக்கு யாரு கூட வர்றதுன்னு."

தர்மபுரியில் வீடு பார்த்து முடித்திருந்தோம். நான் அவருடைய முட்டியைத் துடைத்துவிட்டேன்.

நாங்கள் போன பிறகு அத்தை மாட்டு வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு அவரோடு போனார். வழி நெடுக அத்தை ஜெபமாலை சொல்வார், மாமா பதில் ஜெபம் சொல்வார். வாய் பழகிய வார்த்தைகள் என்பதால் கால் பாட்டுக்குக் கால் போனது. ஒருநாளும் விழவில்லை. அதை மாதாவின் அருள் என்று அத்தை எல்லோரிடமும் சொன்னார். மாமா மறுக்கவில்லை.

மாதம் ஒரு தடவை நான் ஊருக்குப் போவேன். பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்பே வந்து நின்றிருப்பார். பையைக்கூட வாங்க மாட்டார். "அந்த எதுத்தூட்டுக்காரன் என்ன பண்ணான் தெரியுமா?" என்று அங்கேயே ஆரம்பித்துவிடுவார். வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.